வாடகை வீடும் கிரய வீடும்

(நமது சங்கத்தின் பொதுக்கூட்டத்தில் நிகழ்த்திய சொற்பொழிவு)



வாடகை வீட்டிற் குடியிருத்தல் நன்றோ, கடன்பட்டேனும் வீடு கிரயம் வாங்குதல் நன்றோ என்பது இன்று எமக்களிக்கப்பட்ட விஷயம். கேட்குமிடத்து இது வெறும் வரவு செலவுக் கணக்காகத் தோன்றும். ஆயினும் நம் மரபினரிடையே இது கௌரவ விஷயமாகி நெடுநாளாயிற்று. நமது மாதப் பத்திரிகையின் கடைசிப் பக்கங்களில் வெளிவரும் வரன் விளம்பரங்களைப் பாருங்கள். வயது, படிப்பு, நக்ஷத்திரம், சம்பளம் என்பவற்றுக்கு அடுத்து, "சொந்த வீடு" என்றொரு கட்டம் இருக்கிறது. அக்கட்டத்தில் "உண்டு" என்று எழுதும் பொருட்டே கடன் பத்திரத்திற் கையெழுத்திட்ட குடும்பங்களை யாம் அறிவோம்; இச்சபையிலுள்ள பலரும் அறிவீர்கள்.

முதலில் கணக்கையே பார்ப்போம். சென்னைக்குப் புறத்தே, மாதம் 18,000 ரூபாய் வாடகை பெறத்தக்க பழைய வீடொன்றுக்கு 65 லக்ஷம் விலை சொல்கிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். இஃது உதாரணமே, விலையும் வாடகையும் இடத்துக்கிடம் மாறும். ஓர் ஆண்டு வாடகை 2,16,000 ரூபாய். விலையோடு ஒப்பிட்டால் நூற்றுக்கு மூன்றேகால் வீதத்துக்குச் சற்று மேல். வாங்குவோர் கைப்பணம் 15 லக்ஷம் போட்டு, எஞ்சிய 50 லக்ஷத்தை நூற்றுக்கு எட்டரை வட்டியில் 20 ஆண்டுக் கடனாகப் பாங்கியிற் பெறுவாராயின், மாதத் தவணை ஏறக்குறைய 43,400 ரூபாய். இருபது ஆண்டு முடிவில் அவர் கட்டியிருக்கும் தொகை ஒரு கோடியே நான்கு லக்ஷம். இவ்வளவும் பலர் அறிந்ததே. பலர் அறியாதது யாதெனில், முதல் ஆண்டில் அவர் கட்டும் 5,20,000 ரூபாயில் அசலிற் கழிவது ஒரு லக்ஷமும் முழுதாக இல்லை என்பது. மற்றதெல்லாம் வட்டி. "வாடகை கொடுத்தால் பணம் பாழ்" என்று சொல்லிக்கொண்டு வட்டிக்குக் கொடுப்பதை நாம் பாழென்று எண்ணுவதில்லை. வாடகையை வாங்குபவர் எதிரில் நிற்கிறார். வட்டியை வாங்குவது கண்ணுக்குத் தெரியாத பாங்கி. ஆகவே முன்னது சுடுகிறது, பின்னது சுடவில்லை போலும்!

இதனோடு, கிரயப் பத்திரத்துக்கு ஸ்டாம்பு கட்டணம் நூற்றுக்கு 7, ரிஜிஸ்தர் கட்டணம் நூற்றுக்கு 2 என 2023-ஆம் ஆண்டு ஏப்ரல் முதல் நம் ராஜ்யத்தில் விதித்திருக்கிறார்கள். புதிய அடுக்குமாடி வீட்டின் முதற் கிரயத்துக்குச் சிறிது சலுகையுண்டு. மேற்கூறிய பழைய வீட்டுக்கு 5,85,000 ரூபாய் இவ்வகையில் வேண்டும். இதற்குப் பாங்கி கடன் தராது. பெரும்பாலும் வீட்டுப் பெண்களின் கழுத்திலிருந்தே இது இறங்குகிறது. கிரகப்பிரவேசத்துக்கு ஆகும் செலவையோ எவரும் கணக்கிற் சேர்ப்பதேயில்லை.

வட்டி விகிதமும் ஒரே நிலையில் நிற்பதன்று. 2022-ஆம் ஆண்டு மே மாதத்துக்கு முன் நூற்றுக்கு 4 ஆக இருந்த ரிசர்வ் பாங்கியின் ரெப்போ விகிதம் 2023 பிப்ரவரிக்குள் ஆறரையாயிற்று. அதனாற் கடன்பட்டோர் பலருக்குத் தவணைத் தொகை ஏறாமலே தவணைக் காலம் ஆண்டுக்கணக்கில் நீண்டது. அறுபது வயதில் ஓய்வு பெறுவோம் என்றிருந்தவர், அறுபத்தைந்திலும் தவணை கட்டவேண்டும் என்னும் செய்தியை ஒரு கடிதத்தால் அறிந்தார்.

இனி எம் கதையை ஒளித்தலாகாது. யாம் 22 ஆண்டு வாடகை வீட்டில் இருந்தோம். ஒரு கல்யாணப் பந்தியில் உறவினர் ஒருவர், "இன்னும் வாடகை வீடுதானா?" என்று நாலு பேர் கேட்கக் கேட்டார். அந்த ஒரு வார்த்தைக்காக 2011-இல் கட்டி முடியாத வீடொன்றுக்கு முன்பணம் கொடுத்தோம். இரண்டு ஆண்டில் திறவுகோல் தருவதாகச் சொன்னவர் ஐந்து ஆண்டு கடத்தினார். அவர் பெயர் இங்கு வேண்டா. ஒரு கையால் குடியிருந்த வீட்டுக்கு வாடகையும், மறு கையால் குடிபுகாத வீட்டுக்கு வட்டியும் கொடுத்தோம். எம் மனையாள் தன் தாய்வீட்டு நகையை அடகு வைத்தாள், அது மீளவில்லை. மகளின் மேற்படிப்பு ஓர் ஆண்டு தள்ளிப்போயிற்று. "அப்பா, எனக்கு அவசரமில்லை" என்று அவள் அன்று சொன்னது இன்றும் எம் காதில் நிற்கிறது. கேள்வி கேட்ட உறவினரோ கிரகப்பிரவேசத்துக்கு வரவில்லை.

அக்காலத்தில் இல்லாத பாதுகாப்பு இப்பொழுது உண்டு. 2016-ஆம் ஆண்டின் ரியல் எஸ்டேட் சட்டப்படி, விற்பனை உடன்படிக்கையை ரிஜிஸ்தர் செய்யுமுன் விலையிற் பத்தில் ஒரு பங்குக்கு மேல் வாங்கலாகாது. வாங்கிய தொகையில் நூற்றுக்கு 70 தனிக் கணக்கில் இருத்தல் வேண்டும். சொன்ன தேதியில் வீட்டை ஒப்படைக்காவிடில், விலகிக்கொள்ள விரும்புவோர் வட்டியோடு பணத்தைத் திரும்பக் கேட்கலாம். கட்டுகிற வீட்டை வாங்குவோர் அது இச்சட்டத்தின்கீழ்ப் பதிவாகியுளதா என்று பாராமல் ஒரு ரூபாயும் கொடுக்கவேண்டாம்.

மனை வாங்குவோருக்கும் ஒரு வார்த்தை. 2016-இல், அங்கீகாரமற்ற மனைகளைப் புதிதாகப் பதிவு செய்யலாகாதென்று தடை வந்தபோது, பெண்ணின் கல்யாணத்துக்கு விற்கலாமென்று மனை வாங்கி வைத்திருந்தோர் கையைப் பிசைந்து நின்றனர். 2017-இல் வரன்முறைத் திட்டம் வந்தது. கல்யாண முகூர்த்தம் அதுவரை காத்திருக்குமா? வில்லங்கச் சான்று, மூலப் பத்திரம், பட்டா ஆகிய மூன்றையும் ஒரு வக்கீலிடம் காட்டாமல் முன்பணம் கொடுப்பவரைத் தைரியசாலி என்று சொல்வதற்கில்லை.

ஏரியும் சதுப்பும் இருந்த இடம் எது என்று விசாரிப்பதும் அவசியம். 2015 டிசம்பர் வெள்ளத்திலும் 2023 டிசம்பர் புயல் மழையிலும் வேளச்சேரி, முடிச்சூர், பள்ளிக்கரணைப் பக்கங்களில் நீர் புகுந்தது. நீர் வடிந்தபின் வாடகைக்கு இருந்தவர் வண்டி பிடித்து வேறிடம் போகலாம். சொந்தக்காரர் சுவரைத் துடைத்துக்கொண்டு அங்கேயே இருந்தாக வேண்டும்.

வாடகைக்கும் கிரயத்துக்கும் நடுவே ஒத்தி என்றொரு வழி நம்மிடம் உண்டு. சென்னையில் லீஸ் என்பார்கள். மொத்தமாக ஒரு தொகையைக் கொடுத்து, வாடகையின்றிக் குடியிருந்து, காலம் முடிந்தபின் தொகையைத் திரும்பப் பெறுவது. நல்ல வழிதான், ஆனால் வெறுந்தாளில் எழுதிக்கொண்டு பணத்தைக் கொடுப்பவர் அநேகர். அவ்வீடு முன்பே பாங்கியில் அடமானமாயிருந்து, கடன் நின்றுபோனால், பாங்கி வீட்டைக் கைப்பற்றும்போது ஒத்திக்காரர் பாத்திரங்களோடு தெருவில் நிற்பார். ஒத்திப் பத்திரமும் ரிஜிஸ்தர் செய்யவேண்டிய பத்திரமே.

இவ்வளவு கூறியதனால், சொந்த வீடே கூடாது என்பது எம் கட்சியென்று கொள்ளவேண்டாம். வாடகையே இலாபம் என்னும் கணக்கு, தவணைக்கும் வாடகைக்கும் உள்ள வித்தியாசமாகிய 25,000 ரூபாயை மாதந்தோறும் சேமிப்பவருக்கே பலிக்கும். நம்மில் எத்தனை பேர் அவ்வாறு செய்வோம்? கடன் என்பது பலருக்குக் கட்டாயச் சேமிப்பாகிறது என்பதை மறுப்பதற்கில்லை. மேலும் முதுமை என்று ஒன்று உண்டு. தனித்திருக்கும் விதவைத் தாய்க்கு வீடு கொடுக்கத் தயங்குவோர் நகரத்தில் அநேகர். வீடு கேட்டுப் போனால், "நீங்கள் என்ன ஆட்கள்? மாமிசம் சமைப்பீர்களா?" என்று வாசலிலேயே விசாரிக்கிறார்கள். அந்தக் கேள்வி எவ்வளவு நோகும் என்பதை நம்மவர் அறிவர். அறிந்தும், வீடு கட்டி வாடகைக்கு விடும் நம்மவருட் சிலர் அதே கேள்வியைப் பிறரிடம் கேட்கிறார்கள். இச்சபையில் இதைச் சொல்லாமற் போவோமாயின் யாம் பேசியது பாதியே.

ஆகவே எம் அபிப்பிராயம் இது. உத்தியோகம் ஓரிடத்தில் நிலைத்து, பத்து ஆண்டேனும் அவ்வூரில் இருப்போம் என்ற நிச்சயமிருந்து, கைப்பணம் நகையிலிருந்தன்றிச் சேமிப்பிலிருந்து வருமாயின், தவணை வருமானத்தில் மூன்றிலொரு பங்குக்குள் நிற்குமாயின், வாங்கலாம். முப்பது வயதில் இல்லாவிடில் நாற்பத்தைந்தில் வாங்கலாம். ஓய்வு பெறுமுன் சிறியதேனும் கடனற்ற ஒரு வீடு இருப்பது நலம். அதுவரை வாடகைக்கு இருப்போர், 2019 பிப்ரவரியில் அமலுக்கு வந்த வாடகைச் சட்டப்படி எழுத்து மூலமான ஒப்பந்தம் செய்து, வாடகை அதிகாரியிடம் பதிவு செய்துகொள்ளட்டும். வேறு உடன்பாடு இல்லாவிடில் மூன்று மாத வாடகைக்கு மேல் முன்பணம் கேட்கலாகாதென்று அச்சட்டம் கூறுகிறது. பத்து மாத வாடகை கேட்பதே வழக்கம் என்று சொல்வோரிடம் இதை எடுத்துக்காட்டலாம்.

கடைசியாக ஒன்று. இளைஞரொருவர் சென்ற வாரம் எம்மிடம் வந்தார். நல்ல சம்பளம், நல்ல குணம். மூன்று இடத்தில் "வீடு இல்லை" என்று தட்டிப்போயிற்றாம். அடுத்த மாதம் 60 லக்ஷம் கடன் வாங்கப்போவதாகச் சொன்னார். சம்பந்தம் தேடும் பெற்றோரே, உங்கள் பெண் அவ்வீட்டுக்குப் போனபின் அக்கடனை அடைப்பதும் அவள் சம்பளமேயன்றோ? ஆதலின், நமது பத்திரிகையின் வரன் விளம்பரங்களில் "சொந்த வீடு" என்னும் கட்டத்தை அடுத்த இதழ் முதல் நீக்கிவிட வேண்டுமென்ற பிரேரணையை இச்சபையின் முன் வைக்கிறோம். ஆமோதிப்பவரும் ஆக்ஷேபிப்பவரும் இப்பொழுதே எழுந்து பேசும்படி அக்கிராசனாதிபதி அவர்கள் அநுமதிக்க வேண்டுகிறோம்.