ஆளில்லா இணைப்புக்கு அடையாளம்
(மாநாட்டுத் தலைமை உரை)

 

நேரம் பார்த்து நிரல்களை இயக்கும் கிரான் நள்ளிரவில் எழுப்பிவிடும் ஸ்கிரிப்ட் ஒன்று, வேறொரு நிறுவனத்தின் சர்வரோடு பேச வேண்டும். ஓடிபி வந்தால் பார்க்க அங்கே ஆளில்லை. ஆகவே பலரும் கடவுச்சொல்லை ஸ்கிரிப்ட்டுக்குள்ளேயே எழுதிவைக்கிறார்கள். அது ஒவ்வொரு முறையும் எதிர்முனைக்குப் போகிறது. சில சமயம் நிரலோடு சேர்ந்து கிட் களஞ்சியத்துக்கும் போய்விடுகிறது.

இணைய வரும் ஸ்கிரிப்ட்டுக்கே அடையாளமாகும் கிளையன்ட் சான்றிதழின் வழி வேறு. டிஎல்எஸ் என்ற மறையாக்க நெறிமுறையில் இணைப்பு தொடங்கும்போதே சர்வர் சான்றிதழ் கேட்கும். ஸ்கிரிப்ட் அதைக் கொடுத்து, அதுவரை நடந்த செய்திப் பரிமாற்றத்தின் மீது தன் தனிச்சாவியால் கையொப்பமிடும். சான்றிதழில் உள்ள பொதுச்சாவியைக் கொண்டு சர்வர் சரிபார்க்கும். தனிச்சாவி எதிர்முனைக்குப் போவதே இல்லை. டிஎல்எஸ் 1.2 வரை முதல் இணைப்பில் சான்றிதழ் வெளிப்படையாகவே சென்றது. 2018இல் வந்த 1.3 அதையும் மறைத்துவிட்டது.

கர்ல் கட்டளையில் சான்றிதழ், சாவி என இரண்டு கோப்புகளைக் காட்டினால் போதும். பைத்தானிலும் ஒரு வரிதான். அந்த ஒரு வரிக்கு வெளியேதான் நம் வேலை தொடங்குகிறது என்பது என் கருத்து.

சாவிக் கோப்பை ஸ்கிரிப்ட் ஓடும் பயனர் மட்டுமே படிக்கும்படி 600 அனுமதியில் வைக்க வேண்டும். அதற்கும் கடவுச்சொல் போட்டு, அந்தக் கடவுச்சொல்லைப் பக்கத்துக் கோப்பில் எழுதிவைப்பது பூட்டிலேயே சாவியைத் தொங்கவிடுவதற்குச் சமம்.

பிழைச்செய்தி வருகிறதே என்று சர்வரின் சான்றிதழை ஸ்கிரிப்ட் சரிபார்ப்பதையே அணைத்துவிடுபவர்கள் உண்டு. இடையில் புகுந்தவனால் நம் கையொப்பத்தை உண்மையான சர்வரிடம் காட்டி ஏமாற்ற முடியாதுதான். ஆனால் ஸ்கிரிப்ட் அனுப்பும் தரவெல்லாம் அவன் கைக்குப் போய்விடும்.

சான்றிதழ் காலாவதியாவதும் சாதாரணமல்ல. 2018 டிசம்பரில் எரிக்சன் மென்பொருளில் சான்றிதழ் ஒன்று காலாவதியானதால் பிரிட்டனின் ஓ2, ஜப்பானின் சாஃப்ட்பேங்க் ஆகியவற்றின் கைபேசிச் சேவை முடங்கியது.

ஒரு மாற்றமும் வந்திருக்கிறது. லெட்ஸ் என்கிரிப்ட் போன்ற பொதுச் சான்றளிப்பு அமைப்புகள், குரோம் உலாவியின் விதிகளை ஒட்டி, தம் சான்றிதழ்களிலிருந்து கிளையன்ட் அடையாளப் பயன்பாட்டை நீக்கத் தொடங்கிவிட்டன. அவற்றை நம்பியிருந்த நிறுவனங்கள் சொந்தச் சான்றளிப்பு மையம் அமைக்க வேண்டிவரும். சான்றிதழ் வழங்கும் பொறுப்பும், புதுப்பிக்கும் பொறுப்பும், சாவி களவுபோனால் அதைச் செல்லாததாக்கும் பொறுப்பும் அவர்கள் தலையில்தான்.

ஆகவே ஆய்வாளர்களுக்கு ஒரு வேண்டுகோள். சான்றிதழைப் பெறும் முறையோடு நின்றுவிடாதீர்கள். அதை யார் புதுப்பிப்பது, எப்போது ரத்துசெய்வது, அந்த ஸ்கிரிப்ட் எதையெல்லாம் தொடலாம் என்பதற்கும் விடை சொல்லுங்கள். சான்றிதழ் யார் என்று மட்டுமே சொல்லும். என்ன செய்யலாம் என்பதை நாம்தான் வகுக்க வேண்டும்.

இவ்வளவில் என் உரையை முடித்து, முதல் அமர்வைத் தொடங்கிவைக்கிறேன்.