முதுகு வலியும் ஒரு குதிரைவாலும்

ஸ்கேன் எடுக்க ஆஸ்பத்திரியில காத்திருக்கிற நேரத்தைப் பத்தி இன்னைக்குப் பேசலாம். குறிப்பா, முதுகுத்தண்டுக்கு அவசர எம்ஆர்ஐ.

பழவேற்காட்டுல இருந்து ஆரம்பிக்கிறேன். அந்த ஏரியில இருளர் பெண்கள் தண்ணியில குனிஞ்சு, சேத்தைக் கையால துழாவி, கூடையைப் பல்லுல கடிச்சுக்கிட்டு இறால் பிடிப்பாங்க. கடலுக்குப் போறவங்களுக்கு, ஃபைபர் படகை அலை தூக்கிப் போடுற ஒவ்வொரு தடவையும் அடி முதுகுலதான் இறங்கும். அங்க முதுகு வலி இல்லாத ஆளைத்தான் தேடணும். சிக்கலும் அதுதான்: எல்லாருக்கும் வலிக்கிற ஊர்ல, ஆபத்தான வலியை எப்படிப் பிரிச்சு எடுக்கிறது?

அந்த ஆபத்துக்குப் பேரு காடா ஈக்வினா சிண்ட்ரோம். தண்டுவடத்தோட அடியில நரம்புகள் குதிரைவால் மாதிரி தொங்கும். லத்தீன் பேருக்கு அர்த்தமே அதுதான். விலகின டிஸ்க் அந்தக் கொத்தை நசுக்கினா, உக்கார்ற இடம் மரத்துப்போகும், கால் பலம் இழக்கும், சிறுநீர் அடைச்சுக்கும், இல்லைன்னா தெரியாமலே போயிடும். அறுவை சிகிச்சை தாமதமானா இது நிரந்தரமாவே தங்கிடலாம்.

இங்கிலாந்துல 2023-ல ஒரு தேசிய வழிமுறை வந்துச்சு: சந்தேகம்னு டாக்டர் ஸ்கேன் எழுதினா, 4 மணி நேரத்துக்குள்ள எம்ஆர்ஐ எடுக்கணும், ராத்திரியா இருந்தாலும். நல்ல இலக்குதான். ஆனா கடிகாரம் எப்ப ஓட ஆரம்பிக்குது பாருங்க: டாக்டர் எழுதின பிறகு! பழவேற்காட்டு ஆளுக்கு அதுக்கு முன்னாடியே தைலம், ஊசி, ஆரம்ப சுகாதார நிலையம், பொன்னேரி, அப்புறம் சென்னைன்னு நேரம் போயிடலாம். சர்வரை எவ்வளவு வேகமாக்கினாலும், ரிக்வெஸ்ட்டே வந்து சேரலைன்னா என்ன பண்றது?

அதனால முதல் படியிலேயே கேள்வி கேட்கணும். "ஒண்ணுக்கு சரியா வருதா? உக்கார்ற இடத்துல உணர்ச்சி இருக்கா?" கூட்டத்துக்கு நடுவுல யாரும் பதில் சொல்ல மாட்டாங்க, தனியா கூப்பிட்டு, பெண்கள்னா நர்ஸக்கா கேட்கணும். அடுத்தது, சிறுநீர் கழிச்ச பிறகு பையில எவ்வளவு மிச்சம் இருக்குன்னு அல்ட்ராசவுண்ட்ல பார்க்கலாம். 200 மில்லி அளவு தங்கியிருந்தா சந்தேகம் பலமாகும். குறைவா இருந்தா ஒண்ணுமில்லைன்னு வீட்டுக்கு அனுப்பிடவும் கூடாது. அப்புறம் எம்ஆர்ஐயும் முதுகுத்தண்டு அறுவை சிகிச்சையும் ஒரே இடத்துல இருக்கிற ஆஸ்பத்திரிக்கு முன்கூட்டியே போன் போட்டுட்டு, நேரா அனுப்பணும். நடுவுல இன்னொரு ரெஃபரல் எதுக்கு?

இந்த மாதிரி ஏற்பாடு நமக்குப் புதுசு இல்ல. 108 வண்டி 2008-லயே வந்துடுச்சு. 2021-ல 'இன்னுயிர் காப்போம்' திட்டம் சாலை விபத்துக்கு முதல் 48 மணி நேரம் இலவச சிகிச்சைன்னு சொல்லிச்சு. டிஸ்க் விலகினவருக்கும் அதே அவசரம்தான், ஆனா அவர் விபத்துல சிக்கலையே.

அதுவரைக்கும் ஒரு வேலை நம்ம கையில இருக்கு. வீட்டுல யாருக்காவது இப்படி ஆனா, சீட்டு போடுற இடத்துலயே "முதுகு வலி"ன்னு நிறுத்தாதீங்க. "நேத்து ராத்திரியிலிருந்து ஒண்ணுக்கு வரல, மரத்துப்போச்சு"ன்னு சத்தமாவே சொல்லுங்க.