பற்றரியும் அதன்மேல் எழுதிய இலக்கமும்

(சங்க மாதாந்தக் கூட்டத்தில் நிகழ்த்திய சொற்பொழிவு)



இம்மேடையிலே பெரிய விஷயங்களைப் பேசியவர் பலர். அடியேன் எடுத்துக்கொண்டதோ கைக்குள் அடங்கும் ஒரு சிறு பொருள். மீண்டும் மீண்டும் மின்னேற்றிப் பாவிக்கும் பற்றரிகளுள் நல்லதை எவ்வாறு தெரிந்து வாங்குவது என்பதே இன்றைய பேச்சு. இதற்கும் ஒரு கூட்டமா என்று பின்வரிசையில் யாரோ சிரிப்பது கேட்கிறது. சிரிக்கலாம், நானும் ஒரு காலம் சிரித்தவனே.

2025 பெப்ரவரி 9, ஞாயிற்றுக்கிழமை முற்பகலில் இலங்கை முழுவதும் மின்சாரம் நின்றுபோனது தங்களுக்கு நினைவிருக்கும். பாணந்துறை உபமின் நிலையத்தில் ஒரு குரங்கு மின்மாற்றியிற் பட்டதே காரணம் என்று அமைச்சரே கூறினார். அந்நேரம் பார்த்து எங்கள் அம்மம்மா கோயிலால் திரும்பி வந்தார். வெள்ளவத்தையில் நாங்கள் குடியிருப்பது நாலாம் மாடி. லிப்ற் நின்றுவிட்டது. படிக்கட்டுக்கு யன்னல் கிடையாது. வெளியே வெயில் எரிக்க, உள்ளே நள்ளிரவு. மேசை லாச்சியில் இருந்த ரோச்சை எடுத்துக்கொண்டு கீழே ஓடினேன். அமத்தினேன், எரியவில்லை. மூன்று மாதத்துக்கு முன் நானே முழுக்க மின்னேற்றி வைத்த பற்றரிகள் அவை. “பரவாயில்லை ராசா, நான் பிடிச்சுப் பிடிச்சு வாறன்” என்று ஏறியவர், இரண்டாம் மாடித் திருப்பத்தில் ஒரு படியைத் தவறவிட்டார். கணுக்கால் சுளுக்கி மூன்று கிழமை கட்டிலில் இருந்தார். என்னை அவர் ஒரு சொல்லும் குறை கூறவில்லை. அதுதான் எனக்குப் பெருங் கஷ்டமாயிருந்தது.

அப்பற்றரிகளைப் புறக்கோட்டையிலே வாங்கினேன். பெரிய இலக்கம் உள்ளதே சிறந்தது என்று நம்பி, 3,600 மில்லி அம்பியர் மணி என்று பொன்னெழுத்தில் அடித்திருந்ததைத் தெரிந்தெடுத்தேன். பின்னர் செட்டியார் தெருவில் நகை வேலை செய்யும் உறவினர் ஒருவரின் தராசில் ஒன்றை நிறுத்துப் பார்த்தோம். 16 கிராம்! பென்ரோச் பற்றரி என்று நாம் சொல்லும் டபிள் ஏ அளவில், நல்ல நிக்கல் மெற்றல் ஹைட்றைட் பற்றரி 26 முதல் 30 கிராம் வரை நிற்கும். பாரம் குறைந்தால் உள்ளே சரக்கும் குறைவு. பவுண் வாங்கும்போது நிறை பார்க்கும் நாம், பற்றரி வாங்கும்போது எழுத்தைப் பார்த்து ஏமாறுகிறோம்.

ஆதலின் இலக்கங்களை மனத்திற் கொள்ளுங்கள். இந்த வகை டபிள் ஏ பற்றரியில் உண்மையான கொள்ளளவு 2,000 முதல் 2,500 வரை, மிஞ்சினால் 2,800. சிறிய ட்ரிப்பிள் ஏயில் 800 முதல் 1,000 வரை. இவற்றுக்கு மேலே பெரிதாக எழுதியிருந்தால் அது வெறும் எழுத்தே. இப்போது வேறொரு சூழ்ச்சியும் உண்டு. யூஎஸ்பி வயரால் மின்னேற்றும் 1.5 வோல்ற் லித்தியம் பற்றரிகளில் “3,000” என்றிருக்கும். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பார்த்தால் அது மில்லி வாற் மணி. 1.5ஆல் வகுத்தால் 2,000 மில்லி அம்பியர் மணிதான்! பொய்யென்று சொல்லமுடியாது, ஆனால் வாங்குபவர் மயங்கட்டும் என்றே எழுதியது. அவை கடைசிவரை ஒரேயளவு வலுக் கொடுத்துவிட்டுச் சடுதியாக நின்றுவிடும். படிக்கட்டில் நிற்பவருக்கு அது ஆகாது.

இனி, மூன்று மாதத்தில் என் பற்றரி ஏன் செத்தது? பழைய வகை நிக்கல் மெற்றல் ஹைட்றைட் பற்றரி, பாவிக்காமல் வைத்தாலும் மாதத்துக்கு 20 முதல் 30 வீதம்வரை தானே இழக்கும்; நம் கொழும்புச் சூட்டில் இன்னும் விரைவாக. ஓட்டைக் குடத்தில் தண்ணீர் வைத்ததுபோலத்தான். இக்குறையைப் பெரிதும் நீக்கி, ஜப்பானியக் கம்பனியாகிய சான்யோ 2005ஆம் ஆண்டில் எனலூப் என்ற பற்றரியை விற்பனைக்கு விட்டது. ஒரு வருடம் சும்மா இருந்தாலும் 85 வீதம் மிஞ்சும் என்பது அவர்கள் கணக்கு. இன்று வேறு கம்பனிகளும் அவ்வகை செய்கின்றன. மட்டையில் “லோ செல்வ் டிஸ்சார்ஜ்” என்றோ, “பிறீ சார்ஜ்ட்” என்றோ இருக்கும். இலக்கம் 2,000 என்று அடக்கமாக இருந்தாலும் வீட்டுக்கு அதுவே உகந்தது.

“அது 1.2 வோல்ற்தானே, சாதாரண பற்றரி 1.5 அல்லவா?” என்று ஒரு பெரியவர் முன்னமே கேட்டார். நல்ல கேள்வி. சாதாரண பற்றரி 1.5இல் தொடங்கிப் படிப்படியாக இறங்கும். இதுவோ ஏறக்குறைய 1.2இலேயே நெடுநேரம் நிற்கும். ஓடும் கார், நடக்கும் பொம்மை போன்றவற்றுக்கு இது நன்று. சுவர் மணிக்கூட்டுக்கு இது வேண்டியதில்லை. சாதாரண பற்றரியே ஒரு வருடம் ஓடும். இரத்த அழுத்தம் பார்க்கும் கருவிக்குப் போடுமுன் அதன் புத்தகத்தைப் பாருங்கள்.

மின்னேற்றி விஷயம் சுருக்கமானது: ஒவ்வொரு பற்றரியையும் தனித்தனியே கவனித்துத் தானே நிற்பதை வாங்குங்கள். பழையதையும் புதியதையும் கலக்கவேண்டாம்.

எங்கள் அம்மா 1990களின் முற்பகுதியில் யாழ்ப்பாணத்தில் வளர்ந்தவர். பொருளாதாரத் தடையால் பற்றரி உள்ளே வராத காலம். ஒருமுறை பாவிக்கும் பற்றரியையே வெயிலில் காயவைத்து உயிர்கொடுக்கப் பார்த்ததையும், சைக்கிள் டைனமோவைச் சுற்றி வானொலிச் செய்தி கேட்டதையும் சொல்வார். மின்னேற்ற முடியாததை மின்னேற்றப் பார்த்தவர்களின் பிள்ளைகள் நாம், ஏற்றக்கூடியதை ஏற்றாமல் எறிகிறோம்.

விளையாட்டுச் சாமான் பற்றி ஓர் எச்சரிக்கை. டபிள் ஏ உருவத்திலேயே 3.7 வோல்ற் லித்தியம் பற்றரியும் விற்கிறது. பொம்மைக்குள் போட்டால் பொம்மை எரிந்துபோகலாம். அதனிலும் பயங்கரம் காசுபோன்ற வட்டப் பற்றரி. குழந்தை விழுங்கித் தொண்டையில் சிக்கினால் இரண்டு மணி நேரத்துள் உள்ளே புண்ணாக்கிவிடும். ஆணி பூட்டிய மூடியில்லாத பொம்மையை வாங்கவேண்டாம். விழுங்கியதாகச் சந்தேகம் வந்தாலே, காத்திராமல் சீமாட்டி றிட்ஜ்வே சிறுவர் வைத்தியசாலைக்கு ஓடுங்கள்.

கடைசியாக ஒரு வார்த்தை. சங்க அலுமாரியில் இருக்கும் இரண்டு ரோச்சுகளுக்கும் நான்கு பற்றரிகள் வாங்கி, வாங்கிய திகதியை அவற்றின்மேல் எழுதிப் போட்டிருக்கிறேன். மின்னேற்றி காரியதரிசியிடம் இருக்கிறது. கொட்டாஞ்சேனையிலிருந்து வரும் அன்பர்கள் தங்கள் வீட்டுப் பற்றரிகளைக் கொண்டுவந்தால், செட்டியார் தெரு உறவினர் நிறுத்துத் தருவதாகச் சொல்லியிருக்கிறார். கூலி ஒரு பிளேன்ரீ.