ஒத்தையடிப் பாதையில் ஒரு சைக்கிள்

(ஆதம்பாக்கத்தில் நடைபெற்ற நம் முன்னாள் மாணவர் கூடுகையில் ஆற்றிய உரை)



செயலாளர் எனக்குக் கொடுத்த தலைப்பு 'மலையும் சைக்கிளும்'. நேரம் பதினைந்து நிமிடம். ஆதம்பாக்கத்துக்காரனுக்கு மலையைப் பற்றிப் பேச என்ன தகுதி என்று நீங்கள் கேட்கலாம். அடுக்குமாடிகள் மறைக்காத மொட்டை மாடியில் ஏறி நின்று பாருங்கள், பறங்கிமலை தெரியும். சுமார் முந்நூறு அடிதான். ஆனாலும் மலை மலைதானே! 1802-ல் வில்லியம் லாம்டன் இந்தியாவை அளக்கும் பெரும் பணிக்கு அடிக்கோடு போட்டது இந்த மலைப் பக்கத்தில்தான். பிற்காலத்தில் இமயமலைக்கே உயரம் சொன்ன கணக்கு எங்கள் பக்கத்துத் தெருவில் ஆரம்பித்தது என்று நாங்கள் கொஞ்சம் பீற்றிக்கொள்வதுண்டு.

விஷயத்துக்கு வருகிறேன். இரண்டு மாதத்துக்கு முன் நம் மாணவர்கள் நாலு பேர் ஒரு வரைபடத்தோடு என் வீட்டுக்கு வந்தார்கள். 'சார், மசினகுடியிலிருந்து மாயார் பள்ளத்தாக்கு வழியாகத் தெங்குமரஹாடா வரைக்கும் காட்டுப் பாதையில் சைக்கிளில் போகப் போறோம். சங்கம் உதவி பண்ணணும், நீங்க சொன்னா கேப்பாங்க.' பசங்களுடைய முகத்தில் இருந்த உற்சாகத்தைப் பார்த்தால் யாருக்கும் மறுக்க மனசு வராது. அன்றைக்கு நான் பதில் சொல்லவில்லை. இந்த மேடையில் சொல்கிறேன் என்றேன். இதோ சொல்லப் போகிறேன்.

முதலில் சைக்கிளைப் பார்ப்போம். என் வயதுக்காரர்கள் எல்லோரும் மணிக்கணக்கு வாடகைக்கு எடுத்து, குரங்குப் பெடல் போட்டுக் கற்றவர்கள். அந்தக் கறுப்பு வண்டியில் முன்னால் 44 பல், பின்னால் 18 பல் என்று வைத்துக்கொள்ளுங்கள். பெடலை ஒரு சுற்று மிதித்தால் வண்டி ஐந்தரை மீட்டர் போகும். சமதரைக்கு அது ராஜா. மலைச் சரிவில் அதே ஒரு சுற்றுக்கு உங்கள் உடம்பையும் வண்டியையும் ஐந்தரை மீட்டர் மேலே இழுக்க வேண்டும், நெஞ்சு வெடித்துவிடும். மலைச் சைக்கிளில் முன்னால் 22, பின்னால் 34 என்று போட்டால் ஒரு சுற்றுக்கு ஒன்றரை மீட்டர்கூடப் போகாது. நடக்கிற வேகம்தான், ஆனால் ஏறிவிடலாம். விலை உயர்ந்த வண்டி என்கிற மயக்கமெல்லாம் வேண்டாம், இந்தப் பல் கணக்குதான் ஆளை ஏற்றுகிறது.

இந்தக் கணக்கை நம்பித்தான் என் ஐம்பத்திரண்டாவது வயதில் மசினகுடியிலிருந்து கல்லட்டி மலைப்பாதை ஏறினேன். 36 கொண்டை ஊசி வளைவு. ஆயிரம் மீட்டருக்கு மேல் ஏற்றம், அதாவது பதினொரு பறங்கிமலையை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கினால் எவ்வளவோ அவ்வளவு. தொடர்ந்து நடந்த விபத்துகளால், வெளியூர் வண்டிகள் கீழே இறங்கக் கூடாது என்று தடை போடப்பட்ட சாலை அது. 2008-ல் தொடங்கிய 'டூர் ஆஃப் நீல்கிரீஸ்' சைக்கிள் பயணத்தில் வருகிறவர்கள் கல்லட்டியைப் பற்றிப் பேசினால் மாமியாரைப் பற்றிப் பேசுகிற மாதிரி இருக்கும். பயமும் மரியாதையும் சரிபாதி! இருபதாவது வளைவுக்குமேல் எனக்கு எதுவும் சரியாக ஞாபகமில்லை. ஒரு கடையில் சுக்குக் காப்பி குடித்தது மட்டும் நன்றாக ஞாபகமிருக்கிறது.

அது தார்ச்சாலை. தாரை விட்டு இறங்கி மண் பாதையில் ஓட்டுவது வேறு கதை. அமெரிக்காவில் கலிபோர்னியாவின் மரின் பகுதியில் சில இளைஞர்கள் பழைய கனத்த சைக்கிள்களை டமால்பயஸ் மலைக்குத் தள்ளிக்கொண்டு போய், அங்கிருந்து கீழே ஓட்டினார்கள். 1976-ல் பக்கத்து மலைச்சரிவு ஒன்றில் போட்டியே வைத்தார்கள். போட்டிக்குப் பெயர் 'ரீபேக்'. ஒவ்வொரு தடவை இறங்கியதும் பின் பிரேக்கில் இருந்த கிரீஸ் எல்லாம் புகையாகப் போய்விடும், மறுபடி கிரீஸ் அடைக்க வேண்டும், அதனால் அந்தப் பெயர். அடுத்த ஆண்டே ஜோ பிரீஸ் என்பவர் மலைக்கென்றே ஒரு சட்டத்தை வடிவமைத்துக் கட்டினார். இருபது ஆண்டுக்குள், 1996 அட்லாண்டா ஒலிம்பிக்கில் இது ஒரு பந்தயமாகவே ஆகிவிட்டது.

ஆனால் எந்த மலையில் இந்த விளையாட்டு பிறந்ததோ, அங்கேயே பல ஒத்தையடிப் பாதைகளில் சைக்கிளுக்குத் தடை வந்தது. நடந்து போகிறவர்கள், 'திடீர்னு வளைவில் வந்து மோதுறாங்க, மண்ணைக் கிளறுறாங்க' என்று புகார் செய்தார்கள். அதற்குப் பிறகுதான், 1988-ல், சைக்கிள்காரர்கள் சங்கம் கட்டி, பாதை போடும் கலையைக் கற்றுக்கொண்டார்கள். இந்த வரிசை எனக்கு முக்கியமாகப் படுகிறது. பாதை கையை விட்டுப் போன பிறகுதான் அதை எப்படிப் பராமரிப்பது என்று யோசிக்கிறோம்.

அதே நாட்டில் யூட்டா மாநிலத்து மோஆப் என்ற சின்ன ஊர் யுரேனியத்தால் பிழைத்தது. 1950-களில் யுரேனியம் தேடுவதற்காக ஆழ்பள்ளத்தாக்குகளின் விளிம்பில் பாதை வெட்டினார்கள். 1980-களில் அந்தத் தொழில் படுத்துவிட்டது. அப்போது சைக்கிள்காரர்கள் வந்தார்கள். ஊர் பிழைத்தது. ஒயிட் ரிம் என்கிற நூறு மைல் பாதை இன்று கேன்யன்லாண்ட்ஸ் தேசியப் பூங்காவுக்குள் இருக்கிறது. அனுமதிச் சீட்டு இல்லாமல் அதில் சைக்கிள் விட முடியாது. காரணம் உண்டு. அந்த வறண்ட மண்மேல் பாசியும் நுண்ணுயிர்களும் சேர்ந்து ஒரு கறுத்த பொருக்கு கட்டியிருக்கும். மண்ணைக் காற்று கொண்டுபோகாமல் பிடித்துவைப்பது அதுதான். ஒரே ஒரு டயர் தடம் பட்டால் பழையபடி வளரப் பல பத்தாண்டுகள் ஆகும்.

நம் மலையில் பொருக்கு இல்லை, மழை இருக்கிறது. சிவில் மாணவர்கள் கொஞ்சம் கவனிக்கணும். பாதைக்கு எதிரி டயர் இல்லை, தண்ணீர். மலைச்சரிவு நூற்றுக்கு இருபது என்றால், அதன் குறுக்கே போகும் பாதை நூற்றுக்குப் பத்துக்குமேல் சரியக் கூடாது. சரிவில் பாதிக்குமேல் போனால் தண்ணீர் பாதையைக் குறுக்கே கடக்காது, பாதையையே வாய்க்காலாக்கிக்கொண்டு ஓடும். ஐப்பசி, கார்த்திகையில் ஒரு ராத்திரி மழை போதும், காலையில் முழங்கால் ஆழத்துக்குப் பள்ளம். அதனால் பாதையின் வெளி ஓரம் கொஞ்சம் தாழ்ந்திருக்க வேண்டும், வந்த தண்ணீர் நிற்காமல் வழிந்துவிடும். மலையில் ஆடு மாடு போட்ட பாதையைப் பார்த்திருக்கிறீர்களா? உச்சிக்கு நேராக ஏறவே ஏறாது, வளைந்து வளைந்துதான் போகும். நாம் நாலு வருஷம் படித்ததை அதுகள் படிக்காமலேயே செய்கின்றன.

இப்போது மாயாருக்கு வருகிறேன். நீலகிரிக்கு வடக்கே சுமார் 20 கிலோமீட்டர் நீளத்துக்கு மாயாறு பூமியைப் பிளந்து வைத்திருக்கிறது. மோஆபுக்குப் போக வசதி இல்லாதவனுக்கு அந்தக் காட்சி போதும். ஆனால் தம்பிகளே, அது யானைகள் கிழக்குத் தொடர்ச்சி மலைக்கும் மேற்குத் தொடர்ச்சி மலைக்கும் நடுவே போய்வரும் வழி. சீகூர் யானை வழித்தடத்தை 2020 அக்டோபரில் உச்ச நீதிமன்றமே உறுதி செய்துவிட்டது. ஜீப் வந்தால் யானைக்குச் சத்தம் கேட்கும், ஒதுங்கும். சைக்கிள் சத்தமில்லாமல், வேகமாக வளைவில் திரும்பும். குட்டியோடு நிற்கும் யானைக்கு முன்னால் பத்தடியில் நீங்கள் போய் நின்றால், 22 பல்லும் உதவாது, 44 பல்லும் உதவாது. 2018 மார்ச் 11 அன்று குரங்கணிக் காட்டுத் தீயில் இருபதுக்கும் மேற்பட்டவர்களை இழந்தோம். பெரும்பாலோர் உங்களைப் போல உற்சாகமாக மலைக்குப் போன இளைஞர்கள். காட்டுக்குள் நுழைய அனுமதி, வழிகாட்டி என்பதெல்லாம் வெறும் காகித வேலை என்று அதற்குப் பிறகும் யாராவது சொன்னால் எனக்குக் கோபம் வரும்.

ஆகவே மாயார் பயணத்துக்கு நான் சிபாரிசு செய்ய மாட்டேன். சங்கமும் செய்யக் கூடாது.

இதோடு நிறுத்தினால் 'கிழவன் வேண்டாம்னுதான் சொல்வான்' என்பீர்கள். என் மனசில் இருப்பது இதுதான். ஊட்டிக்கும் கொடைக்கானலுக்கும் 2024 மே மாதத்திலிருந்து உயர் நீதிமன்ற உத்தரவுப்படி இ-பாஸ் வந்தது. 2025 சீசனில் நீலகிரிக்கு நாளொன்றுக்கு வார நாளில் 6,000, வார இறுதியில் 8,000 வண்டிகள் என்று வரம்பே கட்ட வேண்டியதாயிற்று. மலைக்குக் கார் தாங்கவில்லை, ஐயா! சைக்கிளுக்கு ஒரு முழ அகலம் போதும். 2024 அக்டோபரில் தமிழக அரசு நாற்பது மலைநடைப் பாதைகளைத் திறந்து, உள்ளூர் இளைஞர்களையே வழிகாட்டிகளாக்கி, இணையத்தில் முன்பதிவு வைத்தது. அவை நடப்பவர்களுக்கானவை. அதே ஏற்பாட்டில், யானை வழி இல்லாத இடங்களில், கோத்தகிரிப் பக்கத்துத் தேயிலைத் தோட்டத்து மண் சாலைகள் மாதிரி நாலைந்து இடத்திலாவது, உரிமையாளர் சம்மதத்தோடு சைக்கிள் பாதை அமைக்கலாம். வருகிற காசு அந்தந்த ஊர்க்காரர்களுக்குப் போகட்டும். அதற்கு ஒரு சரிவு வரைபடமும் தண்ணீர்க் கணக்கும் போட்டுத் தர நம் கல்லூரி மாணவர்களால் முடியும். அந்தத் திட்டத்துக்கு சங்கம் பணம் கொடுக்கட்டும், முதல் சந்தா என்னுடையது.

அதுவரை காலை ஆட்டிக்கொண்டு உட்கார வேண்டாம். பொங்கலுக்கு அடுத்த ஞாயிறு ஏலகிரி போகலாம். 14 வளைவு, தார்ச்சாலை, யாரிடமும் கெஞ்ச வேண்டாம். ஜோலார்பேட்டை வரை ரயில், சைக்கிளை லக்கேஜ் வேனில் முன்கூட்டியே பதிய வேண்டும். ஒரு டியூப், பஞ்சர் ஒட்டும் சாமான், காற்றடிக்கும் பம்பு, இரண்டு பாட்டில் தண்ணீர் அவரவர் கொண்டுவரணும். இறங்கும்போது பிரேக்கை விடாமல் அழுத்திக்கொண்டே வராதீர்கள், ரிம் சூடாகி டியூப் வெடிக்கும். வளைவுக்கு முன்னால் இரண்டு பிரேக்கையும் சேர்த்துப் பிடித்து வேகத்தைக் குறைத்து, வளைவில் விட்டுவிடுங்கள். முந்தின வாரம் சனிக்கிழமை காலை ஆறு மணிக்கு எல்லா வண்டிகளையும் ஆதம்பாக்கத்தில் என் வீட்டு வாசலுக்குக் கொண்டுவாருங்கள், பிரேக் கட்டையை நானே பார்ப்பேன். தேய்ந்த கட்டையோடு வருகிறவருக்குக் காப்பி மட்டும்தான், ஏலகிரி கிடையாது. பெயர் கொடுக்க விரும்புகிறவர்கள் சாப்பாட்டுப் பந்திக்கு முன்னால் செயலாளரிடம் கொடுத்துவிடுங்கள். பந்திக்குப் பிறகு அவரைப் பிடிக்க முடியாது.