கண்ணுக்குத் தெரியாத நஞ்சும் அதைக் காட்டும் கருவியும்

(கூட்டமைப்பின் மாதக் கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



நம்ம குழுக்கள் பலவும் கடலை மிட்டாய், சத்துமாவு, செக்கெண்ணெய், மிளகாய்ப் பொடி செய்து விற்கின்றன. "சுத்தமா செய்யறோம், கலப்படம் இல்லை" என்று தைரியமாகச் சொல்கிறோம். அது உண்மைதான். ஆனால் யாரும் கலக்காமலே கடலைக்குள் வந்து சேரும் நஞ்சு ஒன்று உண்டு. அதைப் பற்றியும், அதைக் கண்டுபிடிக்க விஞ்ஞானிகள் உருவாக்கி வரும் ஒரு சிறு கருவியைப் பற்றியும் இன்று பேசப் போகிறேன்.

அந்த நஞ்சின் பெயர் அஃப்ளடாக்சின். சரியாகக் காயாத நிலக்கடலை, மக்காச்சோளம், மிளகாய் வற்றல் இவற்றில் பிடிக்கும் ஒருவகைப் பூசணம் இதை உண்டாக்குகிறது. 1960-இல் இங்கிலாந்தில் 1 லட்சத்துக்கும் மேற்பட்ட வான்கோழிகள் செத்தன. தீவனத்தில் சேர்த்த கடலைப் புண்ணாக்குதான் காரணம் என்று பிறகு தெரிந்தது. 1974-இல் ராஜஸ்தான், குஜராத் மாநிலங்களின் பழங்குடி கிராமங்களில் பூசணம் பிடித்த மக்காச்சோளத்தைச் சாப்பிட்டு, கல்லீரல் கெட்டு 106 பேர் இறந்தார்கள். கொஞ்சம் கொஞ்சமாக வருஷக்கணக்கில் உடம்புக்குள் போனாலும் கல்லீரல் புற்றுநோய் வரக்கூடும்.

"வறுத்தா போயிடாதா?" என்று கேட்பீர்கள். வறுத்தால் பூசணம் செத்துவிடும். ஆனால் அது விட்டுவைத்த நஞ்சு முழுசாகப் போகாது. வாசனையிலும் ருசியிலும் கண்டுபிடிக்க முடியாது.

நம் நாட்டு விதிப்படி, அப்படியே சாப்பிடும் கடலையில் இந்த நஞ்சு கிலோவுக்கு 10 மைக்ரோகிராமைத் தாண்டக்கூடாது. அதாவது 1 டன் கடலைக்கு 10 மில்லிகிராம். ஒரு அரிசியின் எடைகூட வராது! இவ்வளவு குறைந்த அளவைத் துல்லியமாகப் பார்க்க பொதுவாக பெரிய ஆய்வகம், விலை உயர்ந்த இயந்திரம், படித்த ஆள் எல்லாம் வேண்டியிருக்கிறது. முடிவு வருவதற்குள் நம்ம மிட்டாய் விற்றே போயிருக்கும்.

இங்கேதான் புதுக் கருவி வருகிறது. சர்க்கரை நோய்க்கு ரத்தம் பார்க்கும் சின்ன மிஷினை எல்லாரும் பார்த்திருப்பீர்கள். ஒரு பட்டையில் ஒரு சொட்டு ரத்தம் வைத்தால் நம்பர் வருகிறது. பட்டையில் தடவியுள்ள மருந்து ரத்தச் சர்க்கரையோடு வினை புரியும்போது மிகச் சிறிய மின்சாரம் உண்டாகிறது. மிஷின் அதை அளந்து நம்பராகக் காட்டுகிறது.

அஃப்ளடாக்சின் பார்க்கும் பட்டையும் அதன் தங்கச்சி மாதிரிதான். அதன் மேல் ஆன்டிபாடி என்ற பொருளை ஒட்டியிருப்பார்கள். பூட்டுக்கு ஏற்ற சாவி போல, அஃப்ளடாக்சினை மட்டும் அது பிடித்துக்கொள்ளும். நஞ்சு வந்து உட்கார்ந்தால் பட்டையில் ஓடும் மின்சாரம் மாறும். நஞ்சு கூடக் கூட மாற்றமும் கூடும்.

சரி, நானோ என்று சொல்கிறார்களே, அது என்ன? 1 மில்லிமீட்டரை 10 லட்சம் பாகமாக்கினால் ஒரு பாகம்தான் 1 நானோமீட்டர். அவ்வளவு நுணுக்கமான தங்கத் துகளையோ கரிக் குழாயையோ பட்டையின் மேல் பரப்புகிறார்கள். ஒரு வெல்லக்கட்டியை அப்படியே தண்ணீரில் போட்டால் மெதுவாகக் கரையும். தூள் செய்து போட்டால் உடனே கரையும். எடை ஒன்றுதான், தண்ணீர் படும் பரப்புதான் கூடிவிட்டது. அதுபோல நானோ துகளின் மேல் நிறைய ஆன்டிபாடி ஒட்ட இடம் கிடைக்கிறது, மின்சாரமும் நன்றாகப் பாய்கிறது. அதனால் துளி நஞ்சும் தெரிகிறது.

இனி, நம்ம பணம் சம்பந்தப்பட்ட விஷயம். இந்த வகைக் கருவிகளில் பெரும்பாலானவை இன்னும் ஆய்வுக்கூடத்தில்தான் இருக்கின்றன. சர்க்கரை பார்க்கும் பட்டைக்கு அடிப்படையான யோசனையை அமெரிக்காவில் லீலண்ட் கிளார்க் 1962-இல் வெளியிட்டார். பேனா அளவு மிஷின் கடைக்கு வந்தது 1987-இல். 25 வருஷம்! ஆகவே யாராவது வந்து "நானோ மிஷின், எல்லா விஷத்தையும் காட்டும்" என்று சொன்னால், குழுக் கடனில் வாங்கிவிடாதீர்கள். முதலில் இதைக் கேளுங்கள்:

1. இது எந்த நஞ்சைக் காட்டும்? ஒரு பட்டை பொதுவாக ஒரு நஞ்சுக்குத்தான்.
2. கிலோவுக்கு எத்தனை மைக்ரோகிராம் வரை காட்டும்?
3. வெறும் தண்ணீரில் சோதித்தீர்களா, கடலையிலேயே சோதித்தீர்களா? கடலையின் எண்ணெய்ப் பசை அளவைக் கெடுக்கலாம்.
4. அங்கீகாரம் பெற்ற ஆய்வகத்தின் முடிவோடு ஒத்துப்போகிறதா?
5. கடலையிலிருந்து நஞ்சைப் பிரிக்க என்ன திரவம்? பல முறைகளில் மெத்தனால் வேண்டும். அது விஷம், வீட்டில் வைக்கக்கூடாது.

இன்னொன்று. மூட்டையில் எல்லாக் கடலையிலும் நஞ்சு இருக்காது. ஏதோ சிலவற்றில்தான், ஆனால் அதில் நிறைய இருக்கும். மேலாக ஒரு கைப்பிடி எடுத்துச் சோதித்தால் எந்தக் கருவியும் ஏமாந்துபோகும். மேல், நடு, அடி என்று பல இடத்தில் எடுத்துக் கலந்து, அரைத்துத்தான் மாதிரி அனுப்பணும்.

கருவி நஞ்சைக் காட்டும், நீக்காது. நஞ்சு வராமல் தடுப்பது நம்ம கையில் இருக்கிறது. கடலையைப் பிடுங்கினதும் தார்ப்பாயில் நன்றாகக் காயவையுங்கள். குலுக்கினால் உள்ளே பருப்பு கலகலவென்று சத்தம் கேட்கணும். சுலபமா உடையட்டும் என்று தோலில் தண்ணீர் தெளிக்காதீர்கள், வியாபாரியிடமும் அப்படி உடைத்ததை வாங்காதீர்கள். மூட்டையைத் தரையில் வைக்காமல் பலகை மேல் அடுக்குங்கள். சுருங்கினது, நிறம் மாறினது, பூச்சி அரித்தது, பூசணம் பிடித்தது எல்லாவற்றையும் பொறுக்கி எடுங்கள். இந்த ஒரு வேலையே நஞ்சைப் பெருமளவு குறைத்துவிடும்.

பொறுக்கினதை வீணாக்க மனசு வராது. ஆனால் செக்குக்கும் போடாதீர்கள், மாட்டுக்கும் கோழிக்கும் போடாதீர்கள். மாடு தின்றால் நஞ்சு பாலில் வரும். அந்தப் பாலை நம்ம பிள்ளைதான் குடிக்கும்.

கடைசியாக ஒரு வேண்டுகோள். தனித்தனியாகச் சோதிக்கச் செலவு தாங்காது. ஒரே வியாபாரியிடம், ஒரே சரக்காகக் கடலை வாங்கும் குழுக்கள் சேர்ந்து ஒரு மாதிரியை ஆய்வகத்துக்கு அனுப்பலாம், செலவைப் பங்கிட்டுக்கொள்ளலாம். இதை அடுத்த கூட்டத்தில் தீர்மானமாகக் கொண்டுவாருங்கள். கருவி நம்பத் தகுந்ததாக வரும் நாளில் நாமே வாங்குவோம். அதுவரை நம்ம முறமும் கண்ணும் வெயிலும் வேலை செய்யட்டும்.