கிட்டப் போய்ப் பார்ப்போம்

(ராஜபாளையத்தில் இளைஞர்களுக்காக நடந்த ஓவியப் பயிற்சி முகாமில் பேசியதன் எழுத்து வடிவம்)



ஓவியத்தைப் பத்திப் பேசச் சொன்னாங்க. நான் கல்லூரியில் படித்த ஓவியன் இல்லை. ஸ்ரீவில்லிபுத்தூருக்கும் ராஜபாளையத்துக்கும் நடுவுல இருக்கிற சுவர்கள்ல முப்பது வருசமா படமும் எழுத்தும் எழுதிப் பிழைச்சவன். பிளெக்ஸ் வந்த பிறகு அந்தப் பிழைப்பும் பாதி போச்சு. அதனால பெரிய கோட்பாடு எதுவும் சொல்லப்போறதில்லை. நாலைஞ்சு படங்களை உங்களோட சேர்ந்து உத்துப் பாக்கப் போறேன். அவ்வளவுதான்.

முதல் படம் உங்க எல்லார் வீட்டுலயும் இருக்கு. பெட்டிக்குள்ள பத்திரமா வச்சிருப்பீங்க. சாதிச் சான்றிதழ். அதைப் போய் ஓவியம்னு யாராவது பாப்பாங்களான்னு கேக்கலாம். அதில் இருக்கிற அரசு முத்திரையைப் பாருங்க. 1949-இல் ஓவியர் ஆர். கிருஷ்ணா ராவ் வரைந்தது. அதில் ஒரு கோபுரம். ஸ்ரீவில்லிபுத்தூர் கோபுரம்னுதான் நாம பள்ளிக்கூடத்துல படிச்சோம். மதுரை மேற்குக் கோபுரம்னு சொல்றவங்களும் உண்டு. எதுவா இருந்தாலும் நமக்குக் கதை ஒண்ணுதான்.

ஸ்ரீவில்லிபுத்தூர் கோபுரம் 11 நிலை, 192 அடி. வயல்ல நாத்து நட்ட நம்ம பாட்டிமார் இடுப்பு நிமிர்ந்தா கண்ணுல படுறது அதுதான். 'கோபுர தரிசனம் கோடி புண்ணியம்'னு பழமொழி சொல்வாங்க. உள்ளே போக முடிஞ்சவனுக்குக் கோபுர தரிசனம் எதுக்கு? வெளியே நிறுத்தப்பட்டவனுக்குச் சொன்ன சமாதானமாகத்தான் நான் அதை வாசிக்கிறேன். மதுரை மீனாட்சி கோயிலுக்குள் நம்மவர்கள் நுழைந்தது 1939 ஜூலை 8-ஆம் தேதி. சென்னை மாகாணம் முழுமைக்குமான ஆலயப் பிரவேசச் சட்டம் வந்தது 1947-இல். அதுவரை உள்ளே இருந்த சிற்பமும் சுவரோவியமும் நம்ம கண்ணுக்கு இல்லை.

தீண்டாமைன்னா தொடக்கூடாதுங்கிறது மட்டுமில்லை தோழர்களே, பாக்கவும் கூடாது. பழைய திருநெல்வேலி மாவட்டத்தில் - இந்த ராஜபாளையமும் 1910 வரைக்கும் அந்த மாவட்டம்தான் - புரத வண்ணார் மக்கள் பகலில் வெளியே வரக்கூடாது, கண்ணில் பட்டாலே தீட்டு என்று வைத்திருந்தார்கள். 1932-இல் பத்திரிகையில் வந்த அந்தச் செய்தியை அம்பேத்கர் எடுத்து எழுதியிருக்கிறார். அவர்கள் ராத்திரியில் வெளுத்தது மற்ற தீண்டப்படாத சாதியாருடைய துணியை. அதாவது நம்ம துணியை. இதையும் சொல்லாமப் போகக் கூடாது.

ஆகவே சாதி என்பது தூரத்தின் ஏற்பாடு. யார் எங்கே நிற்கலாம், எவ்வளவு தூரத்திலிருந்து எதைப் பார்க்கலாம், யார் யார் கண்ணில் படலாம் என்பதற்கெல்லாம் அளவு வைத்திருந்தார்கள். அதனால ஒரு படத்துக்குக் கிட்டப் போய் நின்னு நிதானமாப் பாக்கிறது மத்தவங்களுக்கு ரசனையா இருக்கலாம். நமக்கு அது பறிக்கப்பட்ட உரிமை.

அந்த உரிமையோட முத்திரையை இன்னொரு தடவை பாருங்க. கோபுரத்துக்கு முன்னால என்ன நிக்குது? சிங்கம். சாரநாத்தில் அசோகர் நிறுத்திய தூணின் சிங்கம். புத்தர் முதல் உபதேசம் செய்த இடம் அது. 1898-இல் அயோத்திதாசர் சாக்கிய பௌத்த சங்கம் தொடங்கினாரே, 1956 அக்டோபர் 14-ஆம் தேதி நாக்பூரில் லட்சக்கணக்கான சனங்களோட அம்பேத்கர் போய்ச் சேர்ந்தாரே, அந்தப் புத்தருடைய சிங்கம் கோபுரத்தை மறிச்சுக்கிட்டு நிக்குது! வரைஞ்சவர் இப்படி நினைச்சிருக்க மாட்டார். இருக்கட்டும். படத்தில் வரைஞ்சவனுக்கு இருக்கிற பங்கு பாக்கிறவனுக்கும் உண்டு.

அடுத்தது காலண்டர். பக்கத்துச் சிவகாசியில அச்சாகி, மளிகைக்கடைக்காரர் சும்மா கொடுத்து, நம்ம மண்சுவத்துல ஆணியில தொங்கினது. 1894-இல் ரவி வர்மா மும்பைப் பக்கம் அச்சகம் வைத்துச் சாமி படங்களை அடித்தபோதே, கோயிலுக்கு வெளியே நின்றவன் வீட்டுக்குச் சாமி வர ஆரம்பித்துவிட்டது. நம்ம பக்கம் அந்த வேலையைச் செய்தவர் கோவில்பட்டி கொண்டைய ராஜு (1898-1976). நாடகக் கம்பெனிக்குச் சீன் எழுதியவர். அவரும் அவர் சீடர்களும் வரைந்த படங்கள் இல்லாத வீடு தெற்கே இல்லை. சிவகாசியில் அச்சுத்தொழிலை வளர்த்த நாடார் மக்களும் ஒரு காலத்தில் கோயிலுக்குள் விடப்படாதவர்கள். 1899-இல் அதற்காகவே சிவகாசி எரிந்தது. கதவடைக்கப்பட்டவர்கள் கையாலேயே சாமி எல்லார் வீட்டுக்கும் வந்து சேர்ந்தது. இதை நான் சின்ன விசயமா நினைக்கலை.

ஆனா கிட்டப் போனா வேற ஒண்ணும் தெரியும். காலண்டர்ல சாமி என்ன நிறம்? அசுரன் என்ன நிறம்? அசுரனோட முகமும் மீசையும் உங்க பெரியப்பா மாதிரி இருக்கா, இல்லையா? மதுரைவீரனைப் பாருங்க. பளபளன்னு, ராசா மாதிரி. மாறுகால் மாறுகை வாங்கிக் கொல்லப்பட்டவன் அவன். அந்த வெட்டு படத்துல எங்கே? நம்ம கதைப்பாட்டுல இருக்கு, சாமியாடும்போது கதறுற கதறல்ல இருக்கு. படத்துல மட்டும் இல்லை. சாமியை நம்ம வீட்டுக்குக் கொடுத்தாங்க, நடந்த கொலையை அழிச்சுட்டுக் கொடுத்தாங்க.

மூணாவது, அண்ணல் படம். நான் எத்தனை தடவை எழுதினேன்னு கணக்கு இல்லை. நீலக் கோட்டு, டை, கண்ணாடி, கையில புத்தகம். 'ஏழைகளின் தலைவர், கோட்டு எதுக்கு?' என்று கேட்கிற அறிவாளிகள் இருக்கிறார்கள். இந்த ராஜபாளையத்தில் முன்னாள் முதல்வர் பூ.ச. குமாரசாமி ராஜா தன் வீட்டையே கொடுத்து அமைத்த காந்தி கலை மன்றம் இருக்கு. காந்தி சட்டையைக் கழற்றியது அவராக எடுத்த முடிவு. நம்ம தாத்தா மேல்துண்டை இடுப்பில் கட்டியது அடுத்தவன் எடுத்த முடிவு. அதனால அந்தக் கோட்டுல ஒரு பித்தானைக்கூட நான் விட மாட்டேன்.

ஒரு ஊர்ல நான் எழுதின அண்ணல் படத்து மேல விடியறதுக்குள்ள சாணியைக் கரைச்சு ஊத்தியிருந்தாங்க. எங்கே ஊத்தியிருந்தாங்கன்னு பாத்தேன். முகத்துல இல்லை. கோட்டு மேலயும் புத்தகத்து மேலயும். ஊத்தினவன் படத்தை நல்லாப் பாத்திருக்கான்! எது தன்னைச் சுடுதுன்னு அவனுக்குத் தெரிஞ்சிருக்கு. நாமளும் அந்த அளவுக்காவது பாக்கணும். கழுவிட்டு அதே இடத்துல மறுபடி எழுதினேன்.

கடைசியா ஒருத்தர். நாக்பூரில் பிறந்த தலித் ஓவியர் சவி சாவர்க்கர். பேரைக் கேட்டு மிரள வேண்டாம், இவர் வேற. பேஷ்வா ஆட்சியில் எச்சில் தரையில் விழக்கூடாது என்று கழுத்தில் கட்டிவிட்ட கலயம், காலடித் தடத்தை அழிக்க இடுப்பில் கட்டிவிட்ட துடைப்பம். இவற்றோடு நிற்கிற மனிதர்களை அவர் வரைந்தார். கோடு முரடா இருக்கும். வீட்டுல மாட்டி அழகு பாக்கிற படம் இல்லை. காலண்டர் அழிச்ச காயத்தை இவர் திரும்ப வரைஞ்சார். எழுத்தில் இதை நம்ம பக்கத்துப் புதுப்பட்டிக்காரங்க பாமா 1992-லயே 'கருக்கு'ல செஞ்சாங்க. இந்த மண்ணின் தூரிகையில் அது இன்னும் நடக்கணும்.

நடக்கிறதுக்குப் பொருளா இல்லை? சத்திரப்பட்டியில தறி ஓடுது. பேண்டேஜ் துணி நெய்யுறாங்க. எவன் புண்ணையும் சாதி கேட்காமத் தொடுற துணி. அந்தத் தறியில நிக்கிற நம்ம அக்காமாரோட கையை யார் வரைஞ்சாங்க? பஞ்சுத் தூசி படிஞ்ச அந்தப் புருவத்தை யார் வரைஞ்சாங்க?

பிள்ளைகளே, அடுத்த மாசம் கூடும்போது ஆளுக்கு ஒரு படம் கொண்டாங்க. சாமி வேண்டாம், தலைவர் வேண்டாம். உங்க அம்மாவோட கை. ரெண்டு முழத்துல உக்காந்து, அரை மணி நேரம் பாத்துட்டு, பிறகு பென்சிலை எடுங்க. நகத்தை நகமா, காய்ப்பைக் காய்ப்பாப் போடுங்க. அழகாக்க வேண்டாம். இந்தச் சுவத்துலயே வரிசையா ஒட்டுவோம். ஊர்க்காரங்களையும் கூப்பிடுவோம். அவங்களும் கிட்ட வந்து பாக்கட்டும்.

ஜெய்பீம்.