ஞாயிற்றின் ஒளிமுடி

(ஏலாக்குறிச்சியில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



கொள்ளிடத்து வடகரையிலுள்ள இவ்வூர் சொல்லின் அருமை அறிந்த ஊர். 1732இல் சதுரகராதி தந்த வீரமாமுனிவர் வாழ்ந்து பணியாற்றிய மண் இது. ஆதலின், புதிய பொருளொன்றைத் தமிழில் சொல்லத் துணிவதற்கு இதனினும் சிறந்த இடம் வேறில்லை. நான் சொல்லவந்த பொருள் ஞாயிறு.

அடுப்பை விட்டு விலக விலக வெப்பம் குறையும். ஞாயிறோ இதற்கு மாறாக நிற்கிறது. நம் கண்ணுக்குத் தோன்றும் அதன் ஒளிப்பரப்பின் வெப்பம் ஏறத்தாழ 5,500 பாகை செல்சியசு. அதற்கு வெளியே பரந்து கிடக்கும் மெல்லிய புறவளியின் வெப்பமோ 10 இலக்கம் பாகைக்கும் மேல்! இப்புறவளியே ஒளிமுடி. அவ்வெப்பத்தில் அணுக்கள் தம் மின்னணுக்களை இழந்துவிடுகின்றன. திண்மம், நீர்மம், வளிமம் என்னும் மூன்றிலும் அடங்காத இந்நிலையை மேலையர் பிளாசுமா என்பர். நாம் மின்மக் கூழ் எனலாம்.

இவ்வுண்மை எங்ஙனம் தெரிந்தது? முன்னாளில் முழு ஞாயிற்று மறைப்பின்போது மட்டுமே, அதுவும் சில மணித்துளிகளே, ஒளிமுடி தென்பட்டது. 1869ஆம் ஆண்டு மறைப்பில் அதன் ஒளியைப் பகுத்தவர்கள் பச்சைக் கோடு ஒன்றைக் கண்டனர். அறிந்த தனிமம் எதனோடும் அது பொருந்தவில்லை. புதுத் தனிமம் எனக் கருதிப் பெயரும் சூட்டினர். 1871 திசம்பர் 12இல் நிகழ்ந்த மறைப்பைக் காணப் பிரெஞ்சு அறிஞர் சான்சென் நம் நீலமலைக்கே வந்தார். எனினும், பச்சைக் கோட்டின் புதிர் அவிழ ஏறத்தாழ எழுபது ஆண்டுகள் ஆயின. அது புதுத் தனிமமன்று. நம் கலப்பைக் கொழுவிலுள்ள அதே இரும்பு! தன் 26 மின்னணுக்களில் 13ஐ இழந்த இரும்பு! அத்தனையையும் இழக்கப் பத்திலக்கம் பாகைக்கு மேற்பட்ட வெப்பம் வேண்டும்.

ஒளிமுடி மிகுதியாக உமிழ்வன ஊடுகதிரும் புறவூதாக் கதிரும் ஆகும். அவற்றை நம் காற்றுமண்டிலம் தடுத்துவிடுகிறது. அத்தடுப்பு நமக்குக் காப்பு, ஆய்வாளர்க்கோ திரை. எனவே, தொலைநோக்கிகளே வானேறின. 1973இல் அமெரிக்க விண்ணகமாகிய சுகைலாபு ஒளிமுடியை ஊடுகதிரில் படம் பிடித்தது. 1995இல் சோகோ ஏவப்பட்டது.

நம் கண்முன் நிகழ்ந்தது ஆதித்தியா எல்-1. 2023 செபுதம்பர் 2இல் சிறீஅரிகோட்டாவிலிருந்து கிளம்பி, 2024 சனவரி 6இல் புவியிலிருந்து 15 இலக்கம் கிலோமீட்டர் தொலைவிலுள்ள தன் நிலையைச் சுற்றும் பாதையை எய்தியது. அங்கே இரவில்லை, ஞாயிறு மறைவதுமில்லை. அதன் கருவி ஏழனுள் ஒன்று, பெங்களூருவிலுள்ள இந்திய வானியற்பியல் நிறுவனம் ஆக்கியது. ஞாயிற்று வட்டின் ஒளியை விலக்கி, இயற்கை தரும் சில மணித்துளி மறைப்பை இடையறாது தானே உண்டாக்கிக்கொள்கிறது அது. அது நோக்கும் கோடுகளுள் ஒன்று, 1869இல் கண்ட அதே பச்சைக் கோடு!

இவ்வளவு வெப்பம் ஏன்? காந்தக் கோடுகள் முறுக்கேறிய கயிறுபோல் அறுந்து பிணைகையில் ஆற்றல் வெப்பமாகிறது என்பர் ஒரு சாரார். கீழிருந்து எழும் காந்த அலைகளே கரணியம் என்பர் மற்றொரு சாரார். எதன் பங்கு எவ்வளவு என்னும் வழக்கு இன்னும் தீரவில்லை.

'இதனால் நமக்கென்ன?' எனலாம். 1989 மார்ச்சில் ஒளிமுடியிலிருந்து கிளம்பிய மின்மப் பெருவீச்சு புவியின் காந்தப்புலத்தைக் குலைத்தது. கனடாவின் கியூபெக்கு மாநிலத்தில் ஏறத்தாழ 60 இலக்கம் மக்கள் ஒன்பது மணிநேரம் மின்சாரமின்றி இருண்டனர். இன்று நம் உழவர் கையிலுள்ள தொலைபேசி வழிகாட்டுவதும் துணைக்கோள்களின் துணையாலன்றோ?

ஆதித்தியாவின் திட்ட இயக்குநராக விளங்கிய நிகர் சாசி, செங்கோட்டை அரசுப் பள்ளியில் பயின்றவர். ஆகவே, ஆசிரியப் பெருமக்களே, அடுத்த ஞாயிற்று மறைப்பன்று பிள்ளைகளைக் கதவடைத்து உள்ளே வையாதீர்கள். தக்க காப்புக் கண்ணாடி தந்து வெளியே அழைத்து வாருங்கள். நிகழ்வதை அவர்தம் தாய்மொழியிலேயே விளக்குங்கள். எஞ்சிய புதிரை அவிழ்ப்பவர் இக்கொள்ளிடக் கரையிலிருந்தும் எழலாம்.